சூரைச் செடியின் கீழ்

பாலைநிலத்திலே ஒரு சூரைச் செடி. பெருமரமன்று, உச்சி வெயிலுக்கு அரைநிழல் தரும் புதர். அதன் கீழே ஒருவர் தன்னந்தனியராய் அமர்ந்து, 'போதும்; என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்ற கருத்துப்பட இறைவனிடம் மன்றாடுகின்றார். அவர் கோழையல்லர்; இறைநம்பிக்கை இல்லாதவருமல்லர். இஸ்ரவேல் மக்களின் தீர்க்கதரிசிகளுள் தலையாயவரெனப் போற்றப்படும் எலியா அவர். கிறிஸ்தவர்களின் திருமறையாகிய விவிலியத்திலே, முதலாம் இராஜாக்கள் என்னும் ஆகமத்தின் 19 ஆம் அதிகாரத்தில் இவ்வரலாறு சொல்லப்படுகின்றது.

சாவை விரும்புகின்ற மனநிலை விசுவாசமற்றவர்களுக்கே வரும் என்று எண்ணுவோர் பலர். கிறிஸ்தவர்களிடையேயும் அவ்வெண்ணம் உண்டு. ஆதலாலேயே துயரில் அமிழ்ந்த ஒருவர் தம் உள்ளத்தைத் திறந்து பேச நாணுகின்றார். பேசினால் தம் பக்தியைக் குறித்து ஐயப்படுவார்களோ என்று அஞ்சி, ஆலயத்துக்குச் சென்று பாட்டுப் பாடிவிட்டு, வாய் திறவாது வீடு திரும்புகின்றார். விவிலியமோ இவ்விடயத்தில் எதனையும் மறைக்கவில்லை. தன்னைக் கொன்றுவிடும்படி கடவுளைக் கேட்டவர் மோசே. தான் பிறந்த நாளைச் சபித்தவர் யோபு; அவ்வாறே சபித்தவர் எரேமியா. உயிர் வாழ்வதினும் சாவதே நன்றென்று கூறியவர் யோனா. ஆசியாவிலே தமக்கு நேர்ந்த இடுக்கணால், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்றென்று கொரிந்தியருக்குக் கடிதம் எழுதியவர் பவுல். இவர்களுள் ஒருவரையேனும் இறைவன் அதற்காகத் தள்ளிவிட்டதாக அந்நூல் கூறவில்லை.

எலியாவின் கதையைச் சற்று நிறுத்திப் பார்த்தல் வேண்டும். அவர் சூரைச் செடியின் கீழ் வந்து சேர்ந்தது தோல்விக்குப் பின் அன்று; பெருவெற்றிக்குப் பின். கர்மேல் மலையிலே பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியராய் நின்று வென்றவர் அவர். பல ஆண்டுகளாய்ப் பொய்த்த வானம் அன்று மாலையே மழை பொழிந்தது. அரசனுடைய தேருக்கு முன்னே அவர் ஓடினார் என்றால் அன்றைய ஊக்கம் எத்தகையதென்பது விளங்கும். மறுநாட்குள் அவரது உயிரை வாங்குவதாக அரசி யேசபேல் ஆள் அனுப்பிய செய்தி ஒன்று வந்தது. அவ்வளவுதான். நூற்றுக்கணக்கானோரை எதிர்த்து நின்றவர் ஒருத்தியின் சொல்லுக்கு அஞ்சி ஓடினார். இதனைக் கண்டு நகைப்பவர் மனித மனத்தை அறியாதவர். நெடுங்காலம் இழுத்துக்கட்டிய வில் நாண் சிறு தொடுகையில் அறுவதுபோல, களைத்த உள்ளம் மிகச் சிறிய காரணத்தில் முறிந்துவிடுகின்றது. பெரும் பரீட்சையை முடித்த மாணவரிடத்தும், நோயாளியான கணவனைப் பல்லாண்டு பேணி முடித்த மனைவியிடத்தும் இதனைக் காணலாம்.

இன்னுமொன்று. எலியா பெயெர்செபா என்னும் ஊருக்கு வந்ததும், கூட வந்த வேலைக்காரனை அங்கேயே விட்டுவிட்டு, ஒருநாட் பயணத் தூரம் தனியே பாலைவனத்துக்குள் சென்றார் என்று அந்நூல் குறிக்கின்றது. படிப்போர் பெரும்பாலும் கவனியாது கடந்துவிடும் வரி அது. சாவை விரும்புபவன் முதலில் துணையை நீக்குகின்றான். வழக்கமாய் வரும் நண்பரைத் தவிர்ப்பதும், கதவைச் சாத்திக்கொள்வதும், 'என்னை விட்டுவிடுங்கள்' என்பதும் அவ்விதத்தனவே.

இனி, இறைவன் செய்தது யாது? கடிந்துகொள்ளவில்லை. கட்டளைகளை நினைவூட்டவில்லை. முந்திய வெற்றியை எடுத்துக்காட்டி, 'இத்தனை கண்டும் ஐயப்படலாமா?' என்று வாதாடவுமில்லை. எலியா படுத்து உறங்கினார், உறங்க விடப்பட்டார். பின்னர் ஒரு தூதன் அவரைத் தொட்டு எழுப்பினான். தலைமாட்டிலே தழலிற் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. தமிழிலே மொழிபெயர்த்தோர் அப்பத்தை 'அடை' என்றே வைத்தது பொருத்தமானது. வீட்டு அடுப்பின் மணம் அச்சொல்லில் உண்டு. அவர் உண்டார், மீண்டும் உறங்கினார். தூதன் இரண்டாம் முறையும் வந்து எழுப்பினான், மீண்டும் உணவு. அப்பொழுதும் தூதன் சொன்ன காரணம் ஒன்றே: செல்ல வேண்டிய வழி அவருடைய பலத்துக்கு மிஞ்சியது என்பது. 'நீ பலவீனன்' என்று அவன் கூறவில்லை. வழி கடினமானது என்றே கூறினான். இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தைத் துன்பத்திலிருப்பவர் நன்கறிவர்.

கேள்வி பிறந்தது அதன் பிறகே. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையின் குகையை அடைந்தபின், அங்கே அவருக்கு என்ன காரியம் என்று இறைவன் வினவினார். எலியா தம் குறையைக் கொட்டினார்: தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாகவும், தம் உயிரையும் வாங்கத் தேடுவதாகவும் முறையிட்டார். பெருங்காற்று வந்தது, பூமி அதிர்ந்தது, அக்கினி வந்தது. இறைவன் அவற்றில் இல்லை. பின்னர் மென்மையான குரல் ஒன்று கேட்டது. அதே கேள்வி மீண்டும் வந்தது. எலியாவும் ஒரு சொல்லும் மாறாமல் அதே மறுமொழியைக் கூறினார். இத்துணைப் பெரிய காட்சிக்குப் பின்னும் அவர் மனம் மாறவில்லை. துயருற்றவர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் இயல்பு. கேட்பவருக்குச் சலிப்பு வருதலும் இயல்பு. ஓரேப் மலையிலே சலிப்பின்றிக் கேட்கப்பட்டது. அதன்பின் எலியாவுக்கு மூன்று கிடைத்தன: செய்து முடிக்க வேண்டிய வேலை, அவரைப் போலவே வணங்காமுடியராய் நிற்பவர் இன்னும் 7000 பேர் உளர் என்ற செய்தி, எலிசா என்னும் துணை.

மோசேக்கும் இவ்வாறே நிகழ்ந்தது. மக்கள் கூட்டத்தின் பாரம் தம்மால் தாங்கவொண்ணாதென்றும், தம்மைக் கொன்றுவிடுதலே தயை என்றும் அவர் கேட்டபோது, மூப்பர் 70 பேரைக் கூட்டி, பாரத்தை அவர்களும் சுமக்கும்படி இறைவன் ஏற்பாடு செய்தார். 'உன் பாரத்தை நீயே பொறுத்துக்கொள்' என்றல்ல.

ஆறுதல் சொல்லப் போவோர் யோபுவின் நண்பர் மூவரை மறத்தலாகாது. மக்களையும் பொருளையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்த யோபுவைக் காண வந்த அவர்கள், ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாது அவரோடு தரையிலே உட்கார்ந்திருந்தனர். அந்த ஏழு நாளும் அவர்கள் சிறந்த நண்பர்கள். வாய் திறந்த பின்னரே கெட்டது. துன்பத்துக்குக் காரணம் பாவமே என்று, ஒருவர் மாறி ஒருவர் பல அதிகாரங்களுக்கு வாதித்தனர். நூலின் முடிவிலே இறைவன் கடிந்துகொண்டது, பிறந்த நாளைச் சபித்த யோபுவை நோக்கிப் பேசியதோடு நில்லாது, தம்மைப்பற்றி நிதானமாய்ப் பேசவில்லையென்று அந்நண்பர்களையே. வேதவாக்கியங்களை மருந்துச் சீட்டுப்போல அடுக்குகின்ற பக்தர்கள் அந்த ஆகமத்தை முடிவுவரை வாசிப்பது நலம்.

அங்ஙனமாயின், தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்ளுதலை விவிலியம் ஒப்புகின்றதோ என்று நேயர்கள் வினவலாம். ஒப்பவில்லை. உயிர் இறைவன் தந்தது, அதன் உரிமையும் அவருடையது என்பதே அதன் அடிப்படை. ஆயினும் அவ்வாறு இறந்தவர்களை அந்நூல் நடத்தும் முறை நோக்கத்தக்கது. சவுல் மன்னன் போர்க்களத்திலே தன் வாளினால் மாண்டான். யாபேஸ் ஊரார் இரவு முழுவதும் நடந்து சென்று, பகைவர் மதிலில் தொங்கவிட்ட உடலை மீட்டு, எலும்புகளை அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசமிருந்தனர். அவனால் வேட்டையாடப்பட்ட தாவீதே அவனுக்காகப் புலம்பினான். தன் ஆலோசனை ஏற்கப்படாமையால் மனமுடைந்து மாண்ட அகித்தோப்பேல், தன் தகப்பனுடைய கல்லறையில் வைக்கப்பட்டான் என்று மட்டுமே கூறப்படுகின்றது. வசையில்லை.

பிற்காலத் திருச்சபை இதனிலும் கடுமையாயிருந்தது என்பதை ஒளித்தற்கில்லை. 410 ஆம் ஆண்டில் றோமாபுரி கொள்ளையிடப்பட்டபோது மானமழிக்கப்பட்ட பெண்கள் பலர். அத்தகையோர் இறப்பதே தகுதி என்று பழைய றோமரின் பெருமை கற்பித்திருந்தது. புனித அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் முதற் பகுதியிலே அதனை மறுத்தார். குற்றம் செய்தவன் வேறொருவன், அப்பெண்ணின் தூய்மை கெடவில்லை, அவள் சாகவேண்டியதில்லை, கொலை செய்யலாகாது என்ற கட்டளை அவளுடைய உயிரையும் காக்கின்றது என்பது அவர் வாதம். வாழத் துணிந்த பெண்களைத் தாங்குவதற்கு எழுந்த சொல் அது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, அச்சொல்லே இறந்தவர்மேல் எறியும் கல்லாயிற்று. 6 ஆம் நூற்றாண்டிலே பிராகா நகர்ச் சங்கம் இவ்வாறு இறந்தோருக்கு அடக்க வழிபாட்டை மறுத்தது. இங்கிலாந்திலே 1823 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அத்தகையோரை நாற்சந்தியிலே புதைத்த வழக்கமும் இருந்தது. உரோமன் கத்தோலிக்கரின் 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அப்பழைய தடையை விட்டுவிட்டது. 1992 ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல், கடுமையான மனநோயும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவ்வாறு இறந்தோரின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாதென்றும் போதிக்கின்றது. இலங்கையிலே தற்கொலை முயற்சி 1998 ஆம் ஆண்டுவரை தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. அவ்வாண்டிலே அச்சட்டம் நீக்கப்பட்டது.

நரகத்தைக் காட்டி அச்சுறுத்தினால் உயிர் காக்கலாம் என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கின்றது. அதற்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்வு உண்டு. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1731 இல் ஒரு குருவின் மகனாய்ப் பிறந்து, ஆறு வயதிலே தாயை இழந்தார். சட்டம் பயின்ற அவருக்கு 1763 இல் பிரபுக்கள் சபையிலே லிகிதர் உத்தியோகம் ஒன்று கிட்டவிருந்தது. அதற்காகச் சபையின் முன் நின்று வினாக்களுக்கு விடையிறுக்க வேண்டும் என்ற ஒன்றே அவரை நடுங்க வைத்தது. அச்சம் முற்றி உயிரைப் போக்க முயன்றார், தப்பினார். சென் ஓல்பன்ஸ் நகரிலே நதானியேல் கொற்றன் என்னும் வைத்தியர் மனநோயாளருக்கென நடத்திய இல்லத்தில் அவர் சேர்க்கப்பட்டார். அன்போடு வைத்தியம் பார்த்த அவ்விடத்திலேயே, பவுல் றோமருக்கு எழுதிய நிருபத்தைப் படித்து 1764 இல் மன அமைதி கண்டார். வைத்தியமும் வேதமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. மனநோய்க்கு மருந்து உண்பது அவிசுவாசம் என்பார் இதனை எண்ணுக.

கதை அங்கே முடிந்திருந்தால் சாட்சிக் கூட்டங்களிற் சொல்ல வாய்ப்பாயிருக்கும். முடியவில்லை. ஓல்னி என்னும் சிற்றூரிலே, முன்னர் அடிமைக் கப்பற் தலைவராயிருந்து குருவாகிய ஜோன் நியூற்றனின் அயலில் கூப்பர் வாழ்ந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய ஞானப்பாட்டுத் தொகுதி 1779 இல் வெளிவந்தது. அதிலுள்ள கூப்பரின் பாடல்கள் இன்றும் ஆலயங்களிற் பாடப்படுகின்றன. ஆனால் அந்நூல் வெளிவருமுன்னரே, 1773 இல், இறைவன் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்று கனவொன்றினால் அவர் உறுதியாய் நம்பத் தொடங்கினார். மீண்டும் உயிர்விட முயன்றார். தாம் முன்னமே நரகத்துக்குக் குறிக்கப்பட்டவர் என்று நம்புகின்ற ஒருவரை நரக அச்சம் எவ்வாறு தடுக்கும்? தடுக்கவில்லை. நியூற்றன் எத்தனையோ எடுத்துரைத்தும் அவருடைய நம்பிக்கையை மீட்க இயலவில்லை. ஆனால் கூப்பரைத் தம் இல்லத்திலே ஓராண்டுக்கு மேல் வைத்துக் காத்தார். மேரி அன்வின் என்னும் கைம்பெண் அவரை இரவு பகலாய்ப் பேணினார். நோய் சற்றுத் தணிந்தபோது முயற்குட்டிகள் மூன்றை அவருக்குக் கொடுத்தனர். அவற்றுக்கு அவர் கூடு செய்தார், தோட்டம் போட்டார், தச்சுவேலை செய்தார், பின்பு எழுதினார். அவரைப் பெருங்கவிஞராக்கிய நெடும்பாட்டு 1785 இலும், ஹோமரின் காவியங்களின் மொழிபெயர்ப்பு 1791 இலும் வந்தன. இழந்த நம்பிக்கை முற்றாகத் திரும்பவில்லை. ஆயினும் 1773 இற்குப் பின் 27 ஆண்டுகள் வாழ்ந்து, 1800 இலே நோயினால் இயற்கையாய் மரித்தார். நம்ப முடியாத ஒருவருக்காக, அவரைச் சூழ இருந்தோர் நம்பினர் என்று சொல்லலாம். இருளோடே முடிகின்ற 88 ஆம் சங்கீதத்தைத் திருமறையினின்றும் எடுத்துவிடாமல் வைத்த முன்னோர், இத்தகையோருக்கும் வேதத்தில் இடம் உண்டென்று அறிந்தே வைத்தனர்போலும்.

புதிய ஏற்பாட்டிலே இரண்டு நிகழ்ச்சிகள் அருகருகே வைத்துப் பார்க்கத்தக்கன. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், மனம் வருந்திப் பிரதான ஆசாரியரிடம் சென்று, குற்றமில்லா இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததாக அறிக்கையிட்டான். அது தங்கள் காரியமன்று என்று அவர்கள் கையை விரித்தனர். வருந்தி வருவோரைக் கேட்பதே தொழிலாய்க் கொண்டோர் அவர்கள்! அவன் வெளியே சென்று மாண்டான். பேதுருவும் தன் குருவை மூன்று முறை மறுதலித்தவனே. கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு மறுதலித்தவன். அவனும் மனங்கசந்து அழுதான். ஆனால் தோழரோடு இருந்தான். அவர்களோடு மீன் பிடிக்கப் போய், வலை நிறைந்த மீனோடு விடியற்காலையிலே கரைக்குத் திரும்பியபோது, உயிர்த்தெழுந்த இயேசு அங்கே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாய் வைத்திருந்தார். உணவு முடிந்த பின்னரே, தம்மை நேசிக்கின்றாயா என்ற கேள்வி. எலியாவுக்குச் செய்த ஒழுங்கே இங்கும்.

பிலிப்பி நகரச் சிறைக்காவலனுடைய கதை இதற்கும் விரைவானது. நள்ளிரவிலே பூமி அதிர்ந்து சிறைக்கதவுகள் திறந்தன. கைதிகள் தப்பினரென்றெண்ணிய காவலன் வாளை உருவினான். கைதி தப்பினால் காவலன் உயிரால் பதில் சொல்ல வேண்டிய காலம் அது. உள்ளறையிலிருந்த பவுல், அவன் தனக்குத் தீங்கு செய்யாதிருக்கும்படியும், தாங்கள் எல்லோரும் அங்கேயே இருப்பதாகவும் உரத்துக் கூவினார். அன்றுதான் அடிபட்டுத் தொழுமரத்தில் மாட்டப்பட்டவர் பவுல். கதவு திறந்திருந்தும் ஓடவில்லை. அவன் அஞ்சிய காரியம் நிகழவேயில்லை. சற்று நேரத்துக்குள் அவன் பவுலின் காயங்களைக் கழுவினான். வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவு படைத்தான். நிமிடமொன்று தாண்டியதால் ஓர் உயிரும் ஒரு குடும்பமும் பிழைத்தன.

அந்த நிமிடம் எத்துணை முக்கியமென்பதற்கு இலங்கையே சான்று. 1995 இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. கொடிய பயிர்நஞ்சுகள் படிப்படியாய்த் தடைசெய்யப்பட்டபின், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது பாதிக்கும் கீழே குறைந்தது. வறுமையும் காதலும் குடும்பச் சச்சரவும் நீங்கிவிடவில்லை. வேகம் எழுந்த நேரத்தில் கைக்கெட்டிய பொருள் முன்னைப்போல் கொடியதாயிருக்கவில்லை, பலர் பிழைத்தனர். வீட்டிலே ஒருவர் மனமுடைந்திருக்கக் கண்டால், ஆபத்தானவற்றை அவர் கைக்கெட்டாமல் அகற்றுவதும், அவரைத் தனியே விடாதிருப்பதும் இதனாலேயே வேண்டப்படுகின்றன. 'சாக வேண்டுமென்று தோன்றுகின்றதா?' என்று நேரே கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை, பெரும்பாலோர்க்கு அக்கேள்வி மூச்சுவிட இடமளிக்கின்றது.

சாட் வாரா என்னும் அங்கிலிக்கன் குரு இளமையிலே நடத்திய முதல் அடக்க ஆராதனை ஒரு சிறுமிக்குரியது. பருவமெய்தியபோது உடலில் தோன்றிய இயல்பான மாற்றத்தைக் கொடிய நோயென எண்ணி, கேட்பதற்கும் ஒருவரின்றி உயிர்விட்டவள் அவள். அதனை மறவாத அவர், 1953 நவம்பரிலே இலண்டன் மாநகர ஆலயம் ஒன்றிலிருந்து, சாகத் துணிந்தோர் அழைப்பதற்கெனத் தொலைபேசியொன்றை ஏற்படுத்தினார். வந்தோர் பலர், அவரோ ஒருவர். காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாயிருக்கத் தொண்டர் சிலர் வந்தனர். தேநீர் பருகி, தொண்டரிடம் மனம்விட்டுப் பேசிய பலர், குருவைக் காணாமலே தெளிவடைந்து வீடு திரும்பியதை வாரா கண்டார். அடுத்த ஆண்டே அப்பணியைத் தொண்டரிடம் ஒப்படைத்தார். சமாரித்தர் இயக்கம் அவ்வாறு எழுந்தது. அதன் வழியிலே கொழும்பில் 1974 இல் ஜோன் டி மெல் அம்மையார் தொடங்கிய சுமித்ராயோ, மதம் எதுவெனக் கேளாது, சொல்லியதை வெளிவிடாது, இன்றளவும் செவிசாய்த்து வருகின்றது. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி எண் 1926.

இவ்வுரையைத் தனியே இருந்து கேட்கும் ஒருவர் சூரைச் செடியின் கீழ் அமர்ந்தவர் நிலையில் இருப்பாராயின், இன்றிரவு அவர் தம் வாழ்க்கை முழுவதற்கும் விடை காணவேண்டியதில்லை. ஏதேனும் உண்டு, அடுத்த அறையிலிருப்பவரையோ அயல்வீட்டாரையோ எழுப்பி, உள்ளதை உள்ளபடி கூறுவாராக. அதே கதையை நாளை மீண்டும் கூற நேர்ந்தாலும் கூறுவாராக. எலியாவும் இரண்டு முறை கூறினார். பின்னர் அவர் மலையிலிருந்து இறங்கி வந்தபோது, பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த வயலொன்றில் எலிசா இருந்தார்.